ரோலிங் மில்லில் ஒளிந்து விளையாடிய பாய்க்கு

பாய்,

முந்தாநாள் சாயங்காலம் என் மகள் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டாள். நானும் அவள் அம்மாவும் மேசை, மாடம், செருப்பு ஸ்டாண்டு என்று குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. சாவிக்கொத்தில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வெள்ளை வில்லை மாட்டி வைத்திருக்கிறாள். கைப்பேசியில் எதையோ தட்டினாள். திரையில் ஓர் அம்புக்குறி வந்தது. "நாலு மீட்டர், இடது பக்கம்" என்று படித்துக்கொண்டே சமையலறைக்குள் நடந்தாள். அம்பு அவளை அரிசி டிரம்மின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. மூடியைத் திறந்தால் அரிசியின்மேல் சாவி கிடக்கிறது. மதியம் அரிசி எடுக்கும்போது அவள் கையிலிருந்தே நழுவியிருக்கிறது.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டாள். இதே வேலையைச் செய்ய நானும் இன்னொருவனும் ஓர் இரும்பு ஆலையில் மாசக்கணக்கில் அல்லாடினோம் என்றேன். அவள் அந்த வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்காப்பா?" என்றாள்.

அந்த 'இதுக்கா'வை நீ கேட்டிருந்தால் என்னைவிட அதிகமாகச் சிரித்திருப்பாய். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் நடந்தது இதெல்லாம். உனக்கும் எனக்கும் முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீடு ஊத்துக்கோட்டைப் பக்கம். அண்ணன் நெல் வயலைப் பார்த்துக்கொண்டார். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். கம்பெனி என்றால் ஒரு தகர ஷெட், ஒரு முதலாளி, நாங்கள் நாலு பேர். கட்டடத்துக்கு உள்ளே ஆள் எங்கே இருக்கிறான் என்று கண்டுபிடிக்கும் கருவி செய்கிறோம் என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கத்தான் ஒருவரும் வரவில்லை. இரும்பைச் சூடாக்கிக் கம்பியாக உருட்டும் உங்கள் ரோலிங் மில் ஒன்றுதான் சரி, வைத்துக் காட்டுங்கள் என்று கூப்பிட்டது. அதுவும் நடக்காவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிடுவது என்று முதலாளி முடிவு செய்திருந்தார். அது எங்களுக்கும் தெரியும்.

நீ அந்த மில்லின் சேஃப்டி ஆபீசர். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் குடும்பம் உன்னுடையது. கடையில் வந்து உட்காரச் சொன்ன வாப்பாவிடம், ஐஸ் பெட்டிப் பக்கத்தில் உட்காருவதைவிட உலைப் பக்கத்தில் நிற்பது மேல் என்று சொல்லிவிட்டு வந்தவன். காலையில் பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயில். பருத்த உடம்பு, மஞ்சள் ஹெல்மெட். பேச்சுக்கு நடுவே ஓர் இருமல் வரும்.

நான் மேசையில் வைத்த கருவியை எடுத்து உள்ளங்கையில் எடை பார்த்தாய். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு போட்ட, தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி.

"இது இன்னா நைனா, தாயத்தா?"

அன்றைக்கே அதன் பெயர் மில் முழுக்கப் பரவிவிட்டது. நாங்கள் அச்சடித்துக் கொண்டுவந்த இங்கிலீஷ் பெயரை அப்புறம் யாரும் வாயால்கூடச் சொல்லவில்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டாய். செயற்கைக்கோளை வைத்து இடம் காட்டும் கருவி தகரக் கூரைக்குக் கீழே குருடு, அதனால் இது வேறு மாதிரி என்று ஆரம்பித்தேன். தூண்களில் டப்பாக்கள் மாட்டுவோம். டப்பா ஒரு ரேடியோ அலையை அனுப்பும். தாயத்து அதைக் கேட்டுப் பதில் சொல்லும். போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்தால் தூரம் தெரிந்துவிடும். மூன்று டப்பாவிலிருந்து தூரம் தெரிந்தால் ஆள் நிற்கும் இடம் தெரிந்துவிடும். ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக நறுக்கினால், அதில் ஒரு துண்டு நேரத்தில் அலை ஓர் அடி போகும். ஆகவே அவ்வளவு நுணுக்கமாக அளக்கிறோம் என்று கொஞ்சம் பெருமையோடு முடித்தேன். நீ யோசித்துவிட்டு, பழவேற்காட்டு பஸ் பொன்னேரி போய்ச் சேருவதற்குள் இந்த அலை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கேட்டாய். நூறு கோடி கிலோமீட்டர் தாண்டிவிடும் என்றேன். "அப்ப நான் அதுலயே வந்துடறேன்" என்றாய்.

உனக்கு ஏன் இந்தக் கருவி வேண்டியிருந்தது என்பதை இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாய். அதற்கு முந்தின வருஷம் மில்லின் எண்ணெய்க் கிடங்கில் தீப்பிடித்திருக்கிறது. அபாயச் சங்கு ஊதி எல்லோரும் கேட்டுக்கு ஓடிவந்து தலை எண்ணினால் ஒரு தலை குறைகிறது. நீ ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய்த் தேடியிருக்கிறாய். வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் போயிருக்கிறாய். காணாமல் போனவன் பயத்தில் பின் சுவர் ஏறிக் குதித்துக் கவரப்பேட்டைக்கே போய்விட்டான் என்பது தீ அணைந்த பிறகுதான் தெரிந்ததாம்.

"அவன் ஊட்ல கொயம்பு ஊத்தி சோறு துன்னுகினு இருந்தான். நான் இங்க பொகைய துன்னுகினு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமல் எப்போது வந்தது என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. மில்லின் கம்பியை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக மில் நிர்வாகம் இந்தக் கருவியைப் பார்த்தது. நீ பார்த்தது வேறு காரணத்துக்காக.

அதனாலேயே என்னை நீ சுலபத்தில் விடவில்லை. நான் கொண்டுவந்த வரைபடங்களை மடித்து ஓரமாக வைத்துவிட்டு ஒரு பந்தயம் கட்டினாய். நீ தாயத்தை மாட்டிக்கொண்டு மில்லுக்குள் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்வாய். நான் கேட் பக்கத்து செக்யூரிட்டி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எங்கே இருக்கிறாய் என்று போனில் சொல்ல வேண்டும். எப்போது போனாலும் நான் சொல்வது சரியாக இருக்கும் நாளில்தான் மேலே கையெழுத்துக்கு அனுப்புவாய்.

உன் உடம்பை வைத்துக்கொண்டு ஒளிவது சாமானிய வேலை இல்லை. ஆனால் நீ விடவில்லை. முதல் தடவை கம்பிக் கட்டுகளின் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாய். திரையில் உன் புள்ளி மதில் சுவரைத் தாண்டிப் பக்கத்துக் கம்பெனி மைதானத்தில் நின்றது. நான் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். சம்பளத்தை அப்ப அவங்ககிட்டயே வாங்கிக்கவா என்று கேட்டாய்.

இரும்பு அப்படித்தான் ஏமாற்றும். நேராக வரும் அலையைக் கம்பி அடுக்கு மறைத்துவிடுகிறது. கூரையிலும் கிரேனிலும் பட்டுச் சுற்றி வரும் அலைதான் பலமாக வந்து சேருகிறது. சுற்றி வருவதால் நேரம் கூடுகிறது. நேரம் கூடினால் ஆள் தள்ளி நிற்பதாகக் காட்டும். பலமாக வருவதை விட்டுவிட்டு, எவ்வளவு மெலிந்திருந்தாலும் முதலில் வந்து சேருவதைப் பிடிக்கும்படி நிரலை மாற்றி எழுதினோம். அதற்கே சில வாரங்கள் பிடித்தன. நடுவில் அப்பா என்னைக் கூப்பிட்டு, தை வரைக்கும் பார், இல்லாவிட்டால் வயலுக்கு வந்து அண்ணனோடு சேர்ந்துகொள் என்று சொல்லிவிட்டார். அதை உன்னிடம் சொன்னேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "சரி, நான் போய் ஒளியறேன்" என்றாய்.

அடுத்த பேஜாரு மத்தியானங்களில் வந்தது. காலையில் எல்லாப் புள்ளிகளும் ஒழுங்காக இருக்கும். சாப்பாட்டு மணிக்குப் பிறகு எல்லோரும் மெல்ல மெல்ல உலையை நோக்கி நகர ஆரம்பிப்பார்கள். ஒருநாள் கேன்டீன் சமையல்காரர் உலைக்கு உள்ளேயே நிற்பதாகத் திரை காட்டியது. நீ அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து காட்டினாய். "பாத்தியா, நீ வெந்துகினு கீற" என்றாய். அவர் மிரண்டுபோய்த் தாயத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். உயிருக்கு ஒன்றும் ஆகாது என்று நீ வாக்குக் கொடுத்துத்தான் திரும்ப மாட்டவைக்க வேண்டியிருந்தது.

எனக்கு மூன்று நாள் ஒன்றுமே புரியவில்லை. உலை முழுச் சூட்டில் எரியும்போதுதான் இது நடக்கிறது என்பதை நாம் இரண்டு பேரும் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது கண்டுகொண்டோம். திரும்பி வந்து நீ ஏணி போட்டு ஏறி, உலைப் பக்கத்துத் தூணில் இருந்த டப்பாவில் கை வைத்தாய். வைத்த வேகத்தில் எடுத்தாய். டப்பாவுக்குள் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது. சூடு ஏறினால் அதன் ஓட்டம் மாறும். நூறு கோடியில் ஒரு பங்கு கணக்குப் பார்க்கிற இடத்தில் அந்தத் துளி மாற்றம் சில மீட்டராக வந்து நிற்கும். டப்பா கேட்டுத் தாயத்து பதில் சொல்வதோடு நிறுத்தாமல், தாயத்து கேட்டு டப்பாவும் பதில் சொல்லும்படி இரண்டு பக்கமும் அளந்து சேர்த்துப் பார்த்தோம். இரண்டு கடிகாரங்களின் பிசகும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயிற்று. சமையல்காரர் உலையிலிருந்து வெளியே வந்தார். அன்றைக்கு நம் இருவருக்கும் மட்டும் தனியாக இரண்டு ஆம்லெட் வந்தது.

அதற்குப் பிறகு நீ எங்கே ஒளிந்தாலும் நான் பிடித்துவிட்டேன். கிரேன் ஏணி, ஸ்டோர் ரூம் பரண், கேன்டீன் மாவு மூட்டைக்குப் பின்னால், எல்லாம். நான் ஜெயித்துவிட்டேன் என்று எங்கள் முதலாளி இனிப்பு வாங்கி வந்துவிட்டார். அன்றைக்குத்தான் நீ செல்லருக்குப் போனாய்.

உருளைகளுக்கு எண்ணெய் அனுப்பும் பம்புகள் இருக்கும் நிலவறையைத்தான் மில்லில் செல்லர் என்பார்கள். இரும்பு ஏணியில் இறங்க வேண்டும். உள்ளே பம்பு இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. தொடர்ந்து யாரும் அங்கே நிற்க மாட்டார்கள் என்று நாங்கள் டப்பா வைக்கவில்லை. திரையில் உன் புள்ளி மெயின் ரோட்டில் டீக்கடை வாசலில் நின்றது. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை, நீ இருக்கக்கூடிய இடம்தானே அது. போனில் கூப்பிட்டால் நீ எடுக்கவில்லை. ஆள் அனுப்பிப் பார்த்தால், பாய் காலையில் வந்ததோடு சரி என்று டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார். மில் முழுக்கத் தேடினோம். கடைசியில் நீயாகவே சட்டையெல்லாம் எண்ணெய்யோடு ஏணியில் மூச்சிரைக்க ஏறி வந்தாய். என்னை விட்டுவிட்டு எல்லோரும் டீ குடித்துவிட்டீர்களா என்று கேட்டாய்.

செல்லருக்குள் தனியாக ஒரு டப்பா வேண்டும் என்றாய். எங்கள் முதலாளி, வாரத்துக்கு ஒரு தடவை ஒரு ஃபிட்டர் இறங்கிப் பார்த்துவிட்டு வருகிற இடத்துக்கு எதற்கு என்று வாதாடினார். உங்கள் மேனேஜரும் அவர் பக்கம் பேசினார். நீ குரலை உயர்த்தவே இல்லை. "ஒரு ஆளு எறங்கற எடம் எல்லாம் எடம்தான் சார்" என்றாய். அதையே மறுநாளும் சொன்னாய், அதற்கு மறுநாளும் சொன்னாய். சலித்துப்போய்ச் சம்மதித்தார்கள். அந்த டப்பாவை எண்ணெய் படிந்த சுவரில் நானும் நீயும்தான் ஆணி அடித்து மாட்டினோம்.

மார்கழிக் கடைசியில் வாங்குபவர்களின் ஆட்கள் வந்தார்கள். சங்கு ஊதி, எல்லோரும் கேட்டுக்கு வந்து, திரையைப் பார்த்தே யாரும் உள்ளே இல்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் பரீட்சை. கோட்டு போட்ட மூன்று பேர் செக்யூரிட்டி அறையில் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். எங்கள் முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சங்கு ஊதியது. திரையில் புள்ளிகள் எறும்புக் கூட்டம்போல் கேட்டை நோக்கி வந்தன.

ஒரு புள்ளி மட்டும் நகரவில்லை. செல்லருக்குள், ஏணிக்குக் கீழே. பெயர் கோவிந்தன், ஃபிட்டர்.

கோவிந்தன் அரை நாள் லீவு கேட்டிருந்தான், போயிருப்பான் என்றார் சூப்பர்வைசர். தாயத்தைச் சட்டையோடு ஆணியில் மாட்டிவிட்டுப் போவது அவன் பழக்கம் என்று இன்னொருவர் சொன்னார். முதலாளி குனிந்து, சீக்கிரம் எதையாவது செய்து அந்தப் புள்ளியை எடுத்துவிடு என்று என் காதில் முணுமுணுத்தார். எனக்கும் அது நிஜமாகவே எதிரொலி என்றுதான் பட்டது. இவ்வளவு மாசம் அந்த மில் என்னை ஏமாற்றி ஏமாற்றிப் பழக்கியிருந்தது. பாய், இது சுத்தி வந்த அலையா இருக்கும், ஒரு நிமிஷம் குடு, நிறுத்திட்டு மறுபடி ஓட விடறேன் என்று உன்னிடம் சொன்னேன்.

நீ திரையைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய்.

"டப்பா மாட்டனது நீ. நம்பறது நானா?"

அவ்வளவுதான். ஸ்ட்ரெச்சர் ஆட்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு நீ உள்ளே ஓடினாய். உன்னை அவ்வளவு வேகமாக நான் பார்த்ததே இல்லை. ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

கோவிந்தன் ஏணியின் அடியில் உட்கார்ந்திருந்தான். எண்ணெய்ப் படியில் கால் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. உன்னைப் பார்த்ததும் வலியைச் சொல்லவில்லை. சங்கு அடிச்சிதா சார், எனக்குக் கேக்கவே இல்ல, மெமோ குடுத்துடாதீங்க என்றான். அவனைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறும்போது நீ சிரித்தாயா அழுதாயா என்று எனக்குப் பின்னாலிருந்து தெரியவில்லை. இருமினாய் என்பது மட்டும் தெரியும்.

அப்புறம் நடந்ததை நாம் எத்தனை தடவை பேசிச் சிரித்திருப்போம். ஸ்ட்ரெச்சர் கேட்டுக்கு வந்ததும் கோட்டு போட்ட மூன்று பேரும் கை தட்டினார்கள். ஒத்திகைக்காகவே ஓர் ஆளை அடிபட்டவன்போல் படுக்கவைத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். நடிப்பு பிரமாதம் என்று ஒருவர் உங்கள் மேனேஜரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீ ஸ்ட்ரெச்சரின்மேல் குனிந்து, "கோவிந்தா, அவங்களுக்கு ஒரு கும்பிடு போடு" என்றாய். அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டான். கைதட்டல் இன்னும் பலமாயிற்று. ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் அவர்களுக்கு முகம் மாறியது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். அந்த வாரமே கையெழுத்து ஆனது. தை பிறக்கும் முன்பே அப்பாவிடம் நான் வயலுக்கு வரவில்லை என்று சொன்னேன். பொங்கல் வைக்கவாவது வருவாயா என்று கேட்டார்.

கோவிந்தன் கால் சேர்ந்து திரும்பி வந்த அன்று அவன் மனைவியும் கூட வந்திருந்தார். செல்லர் டப்பாவைப் பார்க்க வேண்டும் என்றார். ஏணியில் இறங்க விடமாட்டோம் என்றதும், அவன் கழுத்திலிருந்த தாயத்துக்கே மஞ்சளும் குங்குமமும் வைத்தார். நீ பக்கத்தில் நின்று, வையுங்க, ஆனால் அந்த மூலையில் வைக்காதீங்க, அங்கேதான் அதுக்குக் காது இருக்குது என்று சொல்லிக்கொடுத்தாய். ரேடியோ அலைக்கு எது தடை என்று நான் உனக்குச் சொன்னதை நீ குங்குமத்துக்குப் பொருத்தியதைக் கேட்டு எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் உனக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது. மில்லுக்குள் எல்லோரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிகிறது. கேட்டைத் தாண்டினால் தெரியவில்லையே என்றாய். நான் இரண்டு பஸ் மாறி ஊத்துக்கோட்டை போகிறவன். மழை நாளில் ஆரணியாற்றுப் பக்கம் ரோடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அதற்குக் கருவி இல்லை என்றேன். கருவி எதுக்கு என்று கேட்டாய்.

"ஊடு சேந்தா ஒரு மிஸ்டு கால் குடு. டப்பு செலவு இல்ல."

அன்றையிலிருந்து அது வழக்கமாயிற்று. நான் வீட்டு வாசலில் நின்று ஒரு மணி அடித்து வைப்பேன். கொஞ்ச நேரத்தில் பழவேற்காட்டிலிருந்து ஒரு மணி அடித்து நிற்கும். அடிக்காவிட்டால் நீ கூப்பிடுவாய். எடுக்காவிட்டால் அண்ணனைக் கூப்பிடுவாய். ஒருநாள் நான் சினிமாவுக்குப் போய்விட்டேன். நீ கூப்பிட்டு, அண்ணன் பயந்து, அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டார். படத்தின் கதையை அப்பாவிடம் முழுதாகச் சொல்லித்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

பிறகு நான் சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். ஆஸ்பத்திரி, கிடங்கு, கார் தொழிற்சாலை என்று எங்கெங்கோ டப்பா மாட்டப் போனேன். நீ மில்லிலேயே இருந்து பெரிய ஆபீசர் ஆனாய். உனக்கு நிக்காஹ் ஆனது, எனக்குக் கல்யாணம் ஆனது. நோன்பு மாசத்தில் உன் வீட்டுக் கஞ்சி, அறுப்பு முடிந்ததும் உன் வீட்டுக்கு எங்கள் அரிசி. எந்த ஊரில் இருந்தாலும் சாயங்காலம் தங்கும் அறைக்கதவைத் திறந்ததும் உனக்கு ஒரு மணி. இருபது வருஷம் ஆகப்போகிற வழக்கம். அதில் நாம் பேசிய வார்த்தைகள் குறைவு.

போன வருஷம் மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து நீ போனாய். நான் கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தேன். அடக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் பள்ளிவாசலுக்கு வந்து சேர முடிந்தது. கோவிந்தன் லேசாகக் காலைச் சாய்த்து நடந்து வந்து எனக்குக் குடை பிடித்தான். மண் போடும்போது மழை விட்டிருந்தது. மில்லிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். உன்னைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் பாதியில் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சங்கடப்பட்டார்கள். நீ இருந்திருந்தால் அவர்களைச் சங்கடப்பட விட்டிருக்க மாட்டாய்.

இப்போது என்னிடம் பதினைந்து பேர் வேலை பார்க்கிறார்கள். எல்லோரும் வீடு சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சிரிக்கிறார்கள். சார், இப்பல்லாம் பேசறதே ஃப்ரீ சார், மெசேஜ் போடறோம் சார் என்கிறார்கள். வேண்டாம், ஒரு மணி போதும் என்கிறேன். கொடுக்காதவனை நானே கூப்பிடுகிறேன். எடுக்காவிட்டால் அவன் வீட்டுக்குக் கூப்பிடுகிறேன். என்னால் எத்தனை சினிமா கெட்டதோ தெரியாது.

அப்போது நீ போய் இரண்டு மாசம் ஆகியிருந்தது. வெளியூர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கை தன்பாட்டுக்கு உன் எண்ணை அழுத்திவிட்டது. ஒரு மணி அடித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. அவசரமாக நிறுத்தப் போனேன். அதற்குள் அங்கே எடுத்துவிட்டார்கள். போனைக் காதில் வைத்தேன். உன் மனைவி பேசினார்.

"அண்ணே, ஊடு சேந்துட்டீங்களா?"

சேந்துட்டேம்மா என்றேன். நீ இருந்தபோது தினமும் அந்த மணி அடித்த பிறகுதான் சாப்பிட உட்காருவாயாம். இத்தனை நாள் அது அடிக்காமல் இருந்தது வீட்டில் ஒரு மாதிரி இருந்தது என்றார். உன் போனுக்கு அவர் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். எடுக்கட்டுமா வேண்டாமா என்று யோசித்து எடுத்ததாகச் சொன்னார். இனிமேல் எடுக்க மாட்டேன், நீங்க எப்பவும்போல அடிச்சிட்டு வெச்சிடுங்க என்றார்.

அப்படியே செய்துகொண்டிருக்கிறேன். எந்த ஊரில் இருந்தாலும் உள்ளே நுழைந்து, பையை இறக்கும் முன்னால், உனக்கு ஒரு மணி. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து ஒரு மணி அடித்து நிற்கிறது.

இன்றைக்கும் சேர்ந்துவிட்டேன், பாய்.